தாம்பூலத் தொட்டிப் பூச்சிகள்

எங்கள் அக்கா கோகிலவாணி பொள்ளாச்சியில் அழுதால் உடுமலைப்பேட்டையில் பூச்சி எழும்பும். கொசுவைவிடச் சிறியது, கறுப்பு, கடிக்கத் தெரியாதது. பூந்தொட்டிக்குள்ளிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி கிளம்பி, அந்த வீட்டில் எந்த முகம் பக்கத்தில் இருக்கிறதோ அந்த முகத்துக்கு முன்னால் நின்று ஆடும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனதும் மறுபடி தொட்டிக்குள் இறங்கிவிடும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சீக்கிரமே முடிவுசெய்துவிட்டார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, பூச்சி என்றால் எழும்பத்தான் செய்யும். என் ஆட்சேபமெல்லாம் அதற்கப்புறம் நடந்தவற்றின் மேல்தான்.

தொட்டிகள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக் கொடுக்கப்போவதில்லை, தென்னந்தோப்புக்காரனுக்கே தேங்காயைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு நார் மில் இருக்கிறது; மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் மிஞ்சுகிற துகளை அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலில் அனுப்புகிறார்; யார் யாரோ கண்ணுக்குத் தெரியாத தேசத்தில் அதில் செடி வளர்க்கும்போது நம் உறவுக்காரர்கள் வளர்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. எனவே மண்டபத்து வாசலில் வெள்ளைத் தொட்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் எங்கள் மில்லின் துகள், துகளுக்குள் ஒரு மணிபிளாண்ட் கொடி. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் அக்காவே தன் கையால் எடுத்துக் கொடுத்தாள், பட்டுப்புடவையில் ஈரத் துகள் ஒட்ட ஒட்ட, சிரித்துக்கொண்டே. என்ன இருந்தாலும் படித்த குடும்பம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

மெச்சினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதுப்பெண் கையால் வாங்கின செடி, அது வாடினால் அவள் வாழ்க்கைக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவைக்க, அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா வேறு, கோவிலில் கண்டாலும் கடைவீதியில் கண்டாலும் ‘செடி நல்லா இருக்குதுங்களா?’ என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள். நம் வீட்டில் போய் அது பட்டுவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் ஊற்றினார்கள். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினார்கள், டீத்தூள் சக்கையைக் கொட்டினார்கள், பால் பாத்திரம் அலசின தண்ணீரை, தயிர்ச்சட்டி அலசின தண்ணீரை, திருமூர்த்திமலையிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைக்கூட ஊற்றினார்கள். தென்னந்துகள் ஊற்றினதையெல்லாம் குடித்துவிட்டுக் காயாமல் உட்கார்ந்திருக்கும் ஜாதி. செடியும் பிழைத்தது, அதனடியில் பூச்சியும் பிழைத்தது.

முதல் முறை எழும்பினபோது யாருக்கும் அக்கா ஞாபகம் வரவில்லை. எல்லோரும் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்த நேரம், எல்லா வீட்டிலும் ஒரே நிமிஷத்தில் கிளம்பி, சாம்பாரில் விழுந்து, மூக்கில் ஏறி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. கல்யாணப் படம் போடுவதற்காக ஆரம்பித்து, படமெல்லாம் தீர்ந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்த வாட்ஸப் குழு அன்றைக்கு விழித்துக்கொண்டது. ‘எங்க வீட்டில் பூச்சி’, ‘எங்க வீட்டிலும்’, ‘இப்போதுதான்’, ‘இங்கேயும் இப்போதுதான்’ என்று செய்தி கொட்டியது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அப்பாவின் தங்கை ருக்குமணி அத்தை. அவள் ஒரு காதுகுத்துக்குப் பொள்ளாச்சி போனவள் அக்கா வீட்டில் ஒரு பொழுது இருந்தாள். அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே அழுததைப் பார்த்திருக்கிறாள். அதே நேரத்தில் உடுமலைப்பேட்டையிலிருந்து அத்தை வீட்டுக்காரர், எங்கள் மாமா, போன் செய்து பூச்சி கிளம்பிருச்சு என்றிருக்கிறார். அக்கா முகத்தைத் துடைத்தாள், மாமா அடங்கிருச்சு என்றார். அத்தை ஊருக்கு வந்து இறங்கினதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“இத பாருங்க அண்ணி, நான் கண்டுபிடிச்சுட்டேன். கோகி அழுதா எந்திரிக்குது, அவ நிறுத்துனா படுத்துக்குது. மத்தியானம் துணி காயப்போடறப்பத்தான் அழுகறா. அந்நேரத்துக்குச் சன்னலைத் தெறந்து வெச்சுட்டா வெளிய போயிரும். நான் நேத்து வீட்ல வெக்கச் சொன்னேன், பாதி போயிருச்சாம்.”

அம்மா, “அப்படீங்களா?” என்று எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள்.

நான் கோயமுத்தூரில் எம்.ஏ. படிக்கிறேன், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருகிறவள். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். “எதுக்கு அழுதான்னு கேட்டீங்களா அத்தை?” என்றேன்.

“கேட்டேன் கண்ணு. ஒண்ணுமில்லீங்கத்தைன்னா.”

“மாடியில நின்னு அழுகறவ ஒண்ணுமில்லைன்னா நம்பிருவீங்களா?”

“ஒண்ணுமில்லைன்னு அவளே சொல்றப்ப நான் என்ன, அப்படியில்லைன்னு சண்டைக்குப் போறதா?” என்றாள் அத்தை. பிறகு அம்மாவிடம், “இவ பேச்சு நாளுக்கு நாள் வக்கீல் மாதிரி ஆகுது அண்ணி, சீக்கிரம் பாருங்க” என்று போனாள்.

எனக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான். அக்கா பிசியோதெரபிஸ்ட். வாதம் வந்து படுத்தவர்களைக் கை பிடித்து நடக்கவைக்கிறவள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நடந்தவர்கள் அப்புறம் இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் தலையாட்டினார்கள். கல்யாணத்துக்கு அப்புறம், கண்டவன் காலையும் தொடையையும் பிடித்துவிடுகிற வேலை நம் வீட்டுக்கு எதற்கு என்றார்கள். அவள் போன் அவள் மாமியாரின் பீரோவில் இருந்தது. நான் கூப்பிட்டால் மாமியார்தான் எடுப்பார். எடுத்து, அக்கா குளிக்கிறாள் என்பார். எங்கள் அக்கா அளவுக்குக் குளித்த பெண் பொள்ளாச்சித் தாலுக்காவிலேயே இருக்கமாட்டாள்.

ஊரோ பூச்சியைத் தன் நாளுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டது. துணி காயப்போடும் நேரத்துக்கு முன்னாலேயே சோற்றை முடித்துக்கொண்டார்கள். மழைநாளில் துணி காயாது, அக்கா மாடிக்குப் போகமாட்டாள் என்று மழைநாளாகப் பார்த்து விருந்து வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் துணி காய்ந்து முடிந்த நேரமாகச் சொன்னார்கள். எங்கள் தெருக் கோடியில் டியூஷன் எடுக்கிற டீச்சர் பூச்சி எழும்பினால் இடைவேளை, அடங்கினால் பாடம் என்று வைத்துக்கொண்டார். மில்லில் வேலை செய்கிற பெண்கள் ஆபீஸ் தொட்டியைப் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். ஒருநாள் காலையிலேயே எழும்பிவிட, இன்றைக்கு ஏதோ சீக்கிரமே ஆரம்பித்துவிட்டாளே என்று கடிகாரத்தைப் பார்த்தார்களே தவிர, பொள்ளாச்சிக்குப் போன் போட ஒருவருக்கும் கை வரவில்லை. தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் அபசகுனம். வைத்துக்கொள்ளலாம் என்றால் தொந்தரவு. ஆகவே வைத்தியம் பார்த்தார்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டிக்குள் நட்டார்கள், வேப்பம்புண்ணாக்கு போட்டார்கள், வேப்பெண்ணெயில் சோப்புக் கரைத்து அடித்தார்கள், கிண்ணத்தில் வெல்லமும் வினிகரும் கலந்து வைத்து, விழுந்து செத்ததைப் படமெடுத்துக் குழுவில் போட்டு ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டார்கள்.

பெரியப்பா ஆறுச்சாமிதான் எங்கள் வகையில் மூத்தவர், அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பூச்சி விஷயமாகப் பேச அவர் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். முதல் அரைமணி நேரம் குற்றம் யார்மேல் என்பதில் போயிற்று. எங்கள் மில் துகளில் உப்பு என்றார் ஒருவர், துகள் நல்லது, நாற்று வாங்கின இடம் சரியில்லை என்றார் அப்பா. நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டுக் கூட்டங்களில் பெண்கள் எழுந்தால் காப்பி கொண்டுவரத்தான் என்பதால் ரெண்டு பேர் சர்க்கரை கம்மியாக என்று சொன்னார்கள்.

“பெரியப்பா, பூச்சி எதனால வருதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியுஞ் சாமி. ஈரத்துனால.”

“அக்கா அழுகறதுனால. அவ எதுக்கு அழுகறான்னு போய்க் கேளுங்க. கேக்க மாட்டேங்கறீங்க, வேப்பெண்ணெய் அடிக்கறீங்க.”

பெரியப்பா கோபப்படவில்லை. அவர் என்றைக்குமே கோபப்படமாட்டார், அதுதான் அவரோடு வாதாடுவதில் உள்ள கஷ்டம். அம்மா பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை அடிக்கறாரா?”

“இல்லைங்க மாமா.”

“குடிக்கறாரா?”

“அய்யோ, அதெல்லாம் தொடமாட்டாருங்க.”

“வேற ஏதாச்சும் தொடுப்பு, கிடுப்பு?”

“இல்லவே இல்லைங்க.”

“அப்புறம் என்ன?” என்று என் பக்கம் திரும்பினார். “புது எடம். பழகற வரைக்கும் பொண்ணுக அழுகத்தான் செய்யும். உங்க பெரியம்மா ரெண்டு வருசம் அழுதா, என்ன கெட்டுப்போச்சு?” உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்ததால் பெரியம்மாவின் அபிப்பிராயம் கிடைக்கவில்லை. “தொட்டிக்கு மேல ஒரு விரக்கடை ஆத்துமணலைப் பரப்புங்க. வெளிய வர வழியில்லாமப் போயிரும்.”

“வழியில்லாமப் போனா உள்ளயே சாகும் பெரியப்பா.”

“அதுக்குத்தானே சாமி போடறது.”

மணல் போட்டார்கள். மணலைத் துளைத்துக்கொண்டு எழும்பியது. அதன்பின் ஒரு புதன்கிழமை எழும்பவில்லை. வியாழக்கிழமையும் எழும்பவில்லை. துணி காயும் நேரம் வந்தது, போயிற்று. இலையில் சோறு சோறாகவே இருந்தது. வாரக்கடைசியில் நான் வந்தபோது ஊரே கல்யாணம் முடிந்த வீடு மாதிரி சந்தோஷமாக இருந்தது. மணல்தான் காரணம் என்று பெரியப்பா கட்சி, மணலாவது மண்ணாங்கட்டியாவது, புண்ணாக்குதான் என்று ருக்குமணி அத்தை கட்சி. குழுவில் இரண்டு தரப்பும் கும்பிடு போடும் கை பொம்மைகளோடு சண்டை பிடித்தார்கள். அம்மா பால் பாயசம் வைத்திருந்தாள்.

நான் எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்தேன். கொடி பச்சையாக இருந்தது. விரலால் மணலைக் கிளறினேன். துகளுக்குள் அத்தனை பூச்சியும் உயிரோடுதான் இருந்தது, சிறகை ஒடுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அசையாமல். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. “அக்காவோட பேசுனியாம்மா?” என்று கேட்டேன். அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே, “பேசுனேன், நல்லாருக்கறா” என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

அக்காவின் மாமியார் வாசலுக்கே வந்து வரவேற்றார், அதைக் குறை சொல்லமுடியாது. உள்ளே அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் முகத்தில் அழுத சுவடோ அழப்போகிற சுவடோ இல்லை, வெயிலில் கிடக்கிற சிமெண்டுத் தரை மாதிரி வறண்டிருந்தது.

“என்னக்கா, பூச்சியே வரதில்லை?”

“அம்மா போன் பண்ணுச்சு நிவே. இங்க என் மாமியார் போனுக்கு.” நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். “ஊர்ல எல்லாருக்கும் ரொம்பச் சிரமமாம். சோத்துல விழுகுதாம். மருந்தெல்லாம் அடிச்சுப் பாத்துட்டாங்களாம். சித்தே அடக்கிக்கோ சாமின்னுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“சரிம்மான்னேன்.”

மணலும் புண்ணாக்கும் ஜெயித்ததாகக் குழுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அக்கா கத்தியை வைத்துவிட்டுக் கழுவப் போனபோது புடவை முந்தானை நழுவி இடதுகை தெரிந்தது. முழங்கையின் உள்பக்கம் நெடுக, சின்னச் சின்னதாக, இரண்டு இரண்டு கோடாகக் கன்றிப்போயிருந்தது.

“இது என்ன?”

“துணிக் கிளிப்பு. அழுகை வர்றப்ப ஒண்ணை மாட்டிக்கிட்டா நின்னுரும். நல்லா வேலை செய்யுது.” வைத்தியம் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

மதியம் அவள் வீட்டுக்காரர் லோகநாதன் சாப்பிட வந்தார். நல்ல மனிதர் என்று யாரும் சொல்கிற முகம். கை கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். அக்கா தம்ளரோடு அவர் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள்.

“அம்மா, தண்ணி வெக்கச் சொல்லுங்க” என்றார்.

“தண்ணி வெச்சுரு கண்ணு” என்றார் மாமியார். அக்கா வைத்தாள்.

“அம்மா, ரசத்துல உப்பு எச்சா இருக்குதுன்னு சொல்லுங்க.”

“உப்பு எச்சாப் போச்சாம் கண்ணு.”

“சரிங்கத்தை” என்றாள் அக்கா.

நான் அவளை அடுக்களைக்குள் இழுத்துப்போய், “எப்ப இருந்துக்கா இப்படி?” என்றேன்.

“மறுவீடு போயிட்டு வந்ததுல இருந்து.”

“ஏன்?”

“தெரியல. கேட்டா அத்தைகிட்டதான் பதில் சொல்றாரு. அத்தை என்கிட்ட சொல்றதில்லை.”

அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பெரியப்பாவின் ஹாலில் கேட்ட எல்லாக் கேள்வியிலும் பாஸாகிவிட்ட மனிதர் வெளியே மோருக்குக் காத்திருந்தார். நான் போய் அவர் எதிரில் நின்றேன்.

“மாமா, நான் அக்காவைக் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். “எதுக்காம்மா?”

“எதுக்கு அம்மிணி?” என்றார் மாமியார், உண்மையாகவே புரியாதவராக. “நல்லாத்தானே இருக்கறா? இப்பெல்லாம் பூச்சிகூட வரதில்லைன்னு உங்கம்மா சொல்லிச்சே.”

என்னிடம் பதில் இருந்தது, ஒன்றல்ல, பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அக்கா அதற்கு இடம் வைக்கவில்லை. மோர்ச் செம்பை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுற்றி வந்து, தன் புருஷனுக்கு நேர் எதிரே நின்றாள்.

“நான் போறேங்க. திரும்பி வரமாட்டேன். இருன்னு சொல்றதா இருந்தா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்தார். வாய் கொஞ்சம் திறந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால், அதுகூட வேண்டாம், ‘ஏய்’ என்று அதட்டியிருந்தால்கூட அக்கா நின்றிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், நினைக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

“அம்மா, அவ என்ன சொல்றா?”

மாமியார் முதல்முறையாக எதையும் எடுத்துச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து போனை எடுத்துவந்து மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்ததும் அக்கா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்து, ஊர் எல்லை தாண்டியதும் சத்தமாக, முகத்தை மூடிக்கொள்ளாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி, தென்னந்தோப்பெல்லாம் பின்னால் ஓட ஓட அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி, “யாருங்க தவறிட்டாங்க?” என்று மெதுவாகக் கேட்டார். “யாருமில்லீங்க” என்றேன். அவர் டிரைவரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்திவைத்தார். எங்கள் உறவில் இத்தனை மாதத்தில் ஒருவருக்கும் தோன்றாதது அது.

எங்கள் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியபோது எல்லோரும் வீட்டுக்கு வெளியே நின்றார்கள். வீட்டுக்குள் நிற்க இடமில்லை. மணலைத் தூக்கி எறிந்துகொண்டு, அட்டையைச் சாய்த்துக்கொண்டு, அத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி, சன்னல் வழியாகக் கறுப்பாக ஒழுகித் தெருவிளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள், ஆண்கள் தலையில் துண்டைப் போட்டிருந்தார்கள். ருக்குமணி அத்தை கையில் வேப்பெண்ணெய்க் குப்பி இருந்தது. அழுகையோடு அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தொட்டி வாங்கிப்போன அத்தனை முகமும் அந்த அழுகையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தது. பார்த்தபின் எங்கே திரும்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாதான் முதலில் பேசினார். “ஏஞ் சாமி, கெளம்பறப்ப ஒரு போன் பண்ணக்கூடாதா? சன்னலைத் தெறந்து வெச்சிருப்பமல்ல.”

“தள்ளுங்க பெரியப்பா, பசிக்குது” என்று அவள் உள்ளே போனாள்.

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முந்தானையை விலக்கி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். என்ன கேட்பாள், எதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று நான் தயாராக நின்றேன்.

“மாப்பிள்ளை எப்ப வர்றாரு, கூட்டிட்டுப் போக?”

“வரமாட்டாரும்மா. நானும் போகமாட்டேன்.”

வாசலில் நின்றவர்கள் கேட்கட்டும் என்று அக்கா குரலை உயர்த்தவுமில்லை, கேட்கக்கூடாது என்று தாழ்த்தவுமில்லை. அம்மா அந்தக் கையை விட்டாள். உள்ளே போய்த் தட்டைக் கழுவி எடுத்துவந்து சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். அக்கா கண்ணைத் துடைக்காமலே உட்கார்ந்தாள். பூச்சிகள் வந்து அவள் முகத்துக்கு முன்னால் நின்று ஆடின, நாலைந்து ரசத்தில் விழுந்து கால் உதைத்தன. “இரு, வேற தட்டுப் போடறேன்” என்று அம்மா பதறிப்போய்த் தட்டைப் பிடித்தாள்.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக விரல் நுனியால் எடுத்து ஓரத்தில் விட்டாள்.

“இருக்கட்டும்மா” என்றாள். “என்னோடதுதானே.”